கார்னர் பந்தும் ஊர் மாப்பிள்ளையும்

4 மார்ச் 1979, ஞாயிறு

வெயில் இப்போதே ஏறிவிட்டது. காலையில் சைக்கிள் பஞ்சர். நானே ஒட்டினேன்.

மாலை புட்பால் செமி பைனல். 3-2, ஜெயித்தோம். சலீமைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். என்னை யாரும் தூக்கவில்லை. வாங்கிய இரண்டும் கார்னர். இந்த சீசனில் நான் விட்டது ஏழு, அதில் ஆறு கார்னர். மீதி ஒன்று விழும்போது கண்ணில் வெயில். அதைச் சேர்க்கக் கூடாது.

பைனல் 18-ம் தேதி, காரைக்கால் டவுன் மைதானம். எதிரே நெரவி, போன வருஷம் மாதிரியே. அதாவது எதிரே மாப்பிள்ளை.

திரும்பி வரும்போது கேப்டன் தியாகு (இனி தி. போதும், முழுப் பெயர் எழுதும் அளவுக்கு இன்று அவன் மேல் பிரியம் இல்லை) சைக்கிளை என் பக்கமாக ஒட்டி ஓட்டி வந்தான். "கலியா, பைனல்ல கார்னர்ல ஒண்ணு விழுந்துச்சுன்னா அடுத்த சீசன்லேருந்து நீ லைன்ஸ்மேன் கொடி புடிச்சிக்க. இப்பவே சொல்லிட்டேன்." சிரிக்காமல் சொன்னான். பதினோரு வருஷமாகக் கோலில் நிற்கிறேன். கொடியாம்.

5 மார்ச், திங்கள்

ஆபீஸ் போகும் வழியில் மாணிக்கம் டீக்கடை. நிறுத்தாமல் போயிருக்க வேண்டும்.

"என்ன கலியா, போன வருஷம் மாப்பிள்ளைக்கு கோல் குடுத்தீங்க. இந்த வருஷம் என்ன, ஸ்கூட்டரா?"

பெஞ்சில் நாலு பேர். நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரை ஏறியது. சந்தோஷம்.

நடந்ததை நடந்தபடி ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும், ஊரில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். போன வருஷ பைனல். தங்கை செல்விக்குக் கல்யாணம் ஆகி ஒரே மாதம். மாப்பிள்ளை ராஜசேகரன், நெரவி, மின்சார இலாகாவில் லைன்மேன், ஆறடி. நெரவி டீமில் முன்வரிசை ஆட்டக்காரர். ஸ்கோர் 0-0, கடைசி நிமிடம், கார்னர். பந்து மேலே வருகிறது, மாப்பிள்ளை ஓடி வருகிறார். கோலுக்கு முன்னால் நின்ற கோவிந்து ஒதுங்கினான். சேது ஒதுங்கினான். நான் தூக்கிய கையை இறக்கினேன். கோல்.

புது மாப்பிள்ளை. கல்யாணத்தில் அவர் காலைக் கழுவி மாலை போட்ட கை இது. ஒரு மாதத்தில் அதே கையால் எப்படி இடிப்பது? இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் விழிதியூரில் என் பெயர் சீர் கீப்பர். போதாததற்கு நான் "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வழி விட்டதாகவும் பேச்சு. அது சுத்தப் பொய்.

6 மார்ச், செவ்வாய்

ஐயனார் கோயில் திடலில் கூட்டம். தி. தலைமை. ஆளுக்கு ஆள் பிடிக்க வேண்டும் என்றான். கார்னர் வந்தால் எதிராளி ஒருவனுக்கு நம்மாள் ஒருவன், நிழல் மாதிரி. சரி. "ராஜசேகரனை யார் புடிக்கிறது?"

எல்லாரும் ஐயனாரைப் பார்த்தார்கள்.

கோவிந்து: முடியாது. இவன் எனக்குச் சித்தப்பா மகன். செல்வி அவனுக்கும் தங்கை. "நாளைக்கு அவரு வீட்டு விசேஷத்துல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காருறது?"

சேது: கோவிந்துவின் தம்பி. அதே காரணம். ஆனால் அண்ணன் சொன்னதையே தானும் சொன்னதாக ஆகிவிடக் கூடாது என்று முட்டி வலி என்றான். இரண்டு பேரும் பேசி மூன்று வருஷம். வயலில் ஒரு வரப்புத் தகராறு. இருவரும் ஸ்டாப்பர், பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள். "கலியண்ணே, அவங்கிட்ட சொல்லுங்க" என்று என் வழியாகத்தான் பேச்சு.

மணி: பெண் எடுத்தது நெரவியில். மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

பக்கிரி: பம்ப்செட் கரண்ட்டுக்கு மனு போட்டிருக்கிறார். "லைன்மேன பகைச்சிக்கிட்டு நான் மாட்ட கட்டி கமலையா எறைக்கிறது?"

சலீம் மட்டும் எந்த உறவு முறையிலும் வரவில்லை. ஐந்தடி. "எனக்கு அவரு மாப்பிள்ளையுமில்ல, மச்சானுமில்ல. ஒரு ஏணி குடுங்க, புடிக்கிறேன்."

கூட்டம் கலைந்தது. தி. என்னை மட்டும் பார்த்து, கொடி பிடிப்பது மாதிரி கையை ஆட்டிக் காட்டினான்.

8 மார்ச், வியாழன்

நில அளவை ஆபீஸில் வரைவாளர் வேலை எனக்கு. இன்று பிரெஞ்சுக் காலத்துக் கடாஸ்தர் (நிலப் பதிவு) மேப் ஒன்றைப் பிரதி எடுத்தேன். கிழிசல். துண்டு துண்டாக நிலம், ஒவ்வொன்றுக்கும் நம்பர், நடுவே வரப்பு. பதினொன்றரை மணிக்கு மையைத் தொட்டவன் தொட்டபடி உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கத் தெரியாது. நிலத்தைப் பிடிக்கத் தெரியும். ஒரு சாண் விட மாட்டார்கள்.

மீந்துபோன டிரேசிங் தாளில் கோல் முன்பக்கம் முழுவதும் அளவோடு வரைந்தேன். ஐந்து துண்டு:

நம்பர் 1, முன் போஸ்ட் - மணி
நம்பர் 2 - கோவிந்து
நம்பர் 3 - சேது
நம்பர் 4, பின் போஸ்ட் - பக்கிரி
நம்பர் 5, பெனால்டி புள்ளி - சலீம்

யாரையும் பிடிக்க வேண்டாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். உன் துண்டில் விழுகிற பந்து உன்னுடையது, அடி. மாப்பிள்ளை வந்தால் அவர் வழிப்போக்கர். மரியாதைக்கும் குறைவில்லை, பந்துக்கும் குறைவில்லை.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மை வாசனையாகவும் இருக்கலாம்.

10 மார்ச், சனி

திடலில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டேன். தி. முதலில் சிரித்தான். பிறகு பன்னிரண்டு கார்னர் போட்டுப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. மணி தன் துண்டில் விழுந்த பந்தோடு உள்ளே வந்த தி.யையும் சேர்த்து உதைத்தான். "என் எடத்துல உனக்கென்னடா வேல" என்று கேட்டான். கேப்டனை.

தி. நொண்டிக்கொண்டே என் தோளில் தட்டினான். பதினோரு வருஷத்தில் இரண்டாவது தடவை.

அரிசி அரைக்க அம்மா சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன்.

11 மார்ச், ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஒரு பந்து, கோவிந்து துண்டுக்கும் சேது துண்டுக்கும் நடுவில், சரியாகக் கோட்டின் மேல். அண்ணன் தம்பி இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். பந்து குதித்தது. அவர்களும் அது குதிப்பதைப் பார்த்தார்கள். கோல்.

சேது என்னிடம்: "கோடு நேத்து இருந்த எடத்துல இல்லண்ணே. ராத்திரில அரை அடி என் பக்கம் தள்ளி வந்திருக்கு. யாருன்னு அவங்கிட்ட கேளுங்க."

கோவிந்து என்னிடம்: "மாடு மிதிச்சிருக்கும்னு சொல்லுங்க."

அளந்தேன். அரை அடி நகர்ந்துதான் இருக்கிறது. அதுவும் நூல் பிடித்த மாதிரி நேராக. அப்படி மிதிக்கும் மாட்டை எங்கள் ஆபீஸில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிராக்டிஸ் பாதியில் முடிந்தது. சலீம் மட்டும் தன் துண்டை விட்டு நகராமல் நின்றான், போகலாம் என்று யாரும் சொல்லாததால்.

13 மார்ச், செவ்வாய்

இரண்டு நாளாக யோசனை. கோட்டை அழித்தால் திட்டமே இல்லை. கோட்டை வைத்தால் இந்த இரண்டு பேர்.

இன்று மாலை நானே வாயைத் திறந்தேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல மூணு கெஜம் எடத்த எடுத்துட்டேன். அது பொறம்போக்கு. உனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல."

இரண்டு பேரும் உடனே சரி என்றார்கள். தனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்கு இல்லை என்றால் நிம்மதி.

தி. கேட்டான்: "பொறம்போக்குல பந்து விழுந்தா யாரு அடிக்கிறது?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "பொறம்போக்கு எல்லாம் கீப்பருக்கு."

வீட்டுக்கு வந்து மேப்பைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மாப்பிள்ளை எப்போதும் எங்கே எழும்புவார்? போன வருஷம் எங்கே எழும்பினார்? அதே மூன்று கெஜம். எல்லாரையும் மாப்பிள்ளையிடமிருந்து காப்பாற்றிவிட்டு என்னை அவர் எதிரே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். ஸ்கேல் வைத்து, அளவோடு.

15 மார்ச், வியாழன்

வளைகாப்பு 21-ம் தேதி புதன் என்று முடிவு. செல்விக்கு ஏழாம் மாதம். நாங்கள் நெரவிக்குப் போய் ஐந்து வகை சாதம், வளையல் எல்லாம் வைத்து, மாலையில் அவளை இங்கே அழைத்து வர வேண்டும்.

அம்மா: "போட்டோக்காரன் வர்றான். மாப்பிள்ள மேல ஒரு கீறல் விழுந்துச்சு, நீ சோறு தண்ணிக்கு இந்த வாசப்படி ஏறாத."

அப்பா பேப்பரை இறக்காமல்: "கோல் விழுந்தாலும் ஏறாத."

இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். கலந்து பேசிச் சொல்லியிருக்கலாம்.

17 மார்ச், சனி

நாளைக்குக் கோலில் வலை கட்டப் போகிறார்களாம். கடற்கரையிலிருந்து இரவல், மீன் வலை. தி.யோடு போய்த் தூக்கி வந்தேன். சட்டையெல்லாம் கருவாடு வாசனை. பூனை ஒன்று பாலம் வரை கூட வந்தது.

காலணிக்கு லேஸ் மாற்றினேன். கை உறை இல்லை, இருந்ததும் கிழிந்துவிட்டது.

இன்னொன்றும் எழுத வேண்டும். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. போன வருஷம் சொன்னேன். "வாங்க மாப்பிள்ளை" என்று சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நாளைக்கு வாயை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும்.

18 மார்ச், ஞாயிறு

கை வீங்கியிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன், கோணல்.

கூட்டம் அதிகம். செல்வி நெரவிப் பெண்களோடு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். முதல் பாதியில் சலீம் கோல். செல்வி கை தட்டினாளாம், மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே.

நெரவிக்கு மொத்தம் ஒன்பது கார்னர். முதலாவது மணி துண்டு, வெளியே. இரண்டாவது, மூன்றாவது சேது, தலையால். நான்கு, பக்கிரி. அடித்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்து "மனு விஷயம் ஞாபகம் இருக்கட்டுங்க" என்றார். ஐந்து கோவிந்து. ஆறு சலீம், எப்படி எட்டியது என்று தெரியவில்லை. ஏழு, எட்டு மறுபடி மணி. எவனும் துண்டை விட்டு நகரவில்லை. எவனும் யாருக்கும் ஒதுங்கவில்லை. கோலில் நின்று பார்க்க அவ்வளவு அழகு. நான் வரைந்தது.

ஒன்பதாவது. இன்னும் இரண்டு நிமிடமோ என்னவோ. பந்து எழும்பும்போதே தெரிந்துவிட்டது, பொறம்போக்கு. கோவிந்து நின்றான். சேது நின்றான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஓடினேன். எதிரே மாப்பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு மேலே வருகிறார். அந்த "வாங்க" எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்தேன்.

கையை இறக்கவில்லை. இதைத் தனி வரியில் எழுத வேண்டும்.

கையை இறக்கவில்லை.

முதலில் பந்து அவர் நெற்றியில். பிறகு என் குத்து அவர் வாயில். ஒரு விரல் தாமதம். பந்து வலைக்குள், மாப்பிள்ளை கீழே, அவர் மேல் நான். 1-1. இதற்கும் செல்வி கை தட்டினாளாம். பிறகுதான் ரத்தத்தைப் பார்த்திருக்கிறாள்.

எக்ஸ்ட்ரா டைம் தொடங்கிப் பாதியில் இருட்டு. பந்து யாருக்கும் தெரியவில்லை. ரெபரி இரண்டு ஊரையும் கூப்பிட்டு, கூட்டு வெற்றி, கப் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்றார். டாஸில் முதல் ஆறு மாதம் எங்களுக்கு.

மாப்பிள்ளைக்கு முன்பல் ஒன்று இல்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன பார்வை என்று இருட்டில் தெரியவில்லை.

கோலும் விழுந்தது, கீறலும் விழுந்தது. சலீம் வீட்டில் படுத்திருக்கிறேன்.

19 மார்ச், திங்கள்

அம்மா காலையில் கஞ்சி கொடுத்துவிட்டிருந்தாள். பேச்சு இல்லை. கஞ்சியில் உப்பும் இல்லை.

டீக்கடையில் நானாகவே சைக்கிளை நிறுத்தினேன், வருவது வரட்டும் என்று. அதே பெஞ்சு, அதே நாலு பேர். யாரும் சிரிக்கவில்லை. மாணிக்கம் டீயை ஆற்றி நீட்டினார். "கை எப்படி இருக்கு கலியா?"

அவ்வளவுதான். சீர் என்ற பேச்சே இல்லை.

தி. கப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றான். கார்னரில் ஒன்று விழுந்ததை ஞாபகப்படுத்தினேன். "விழல. அடிச்சான்" என்றான். இன்று முழுப் பெயரே எழுதலாம்: தியாகராஜன்.

ராத்திரி வாசப்படி ஏறினேன். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். கப் ரேடியோ மேல் இருக்கிறது. ஆனால் மனசுக்குள் ஒன்றும் நன்றாக இல்லை. செல்வி வாழப்போன வீட்டு மனுஷர். புதன்கிழமை எப்படிப் போய் நிற்பேன்.

21 மார்ச், புதன்

வளைகாப்பு. காலையிலிருந்து வயிறு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. புளிசாதத் தூக்கை என் கையில்தான் கொடுத்தார்.

நெரவியில் மாப்பிள்ளையின் அம்மா வாசலில். "வாங்க தம்பி. கைய நல்லா கழுவிட்டு உள்ள வாங்க." அவ்வளவுதான் சொன்னார். இரண்டு தடவை கழுவினேன்.

செல்விக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். போட்டோக்காரர் "மாப்பிள்ள சிரிங்க" என்றார். அவர் சிரித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பல் போன அந்த இடைவெளி வழியாக ஒரு கடலையைப் போடலாம். ஐந்து சாதத்தில் தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டார். புளி எரியுமாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொல்லைக்குக் கூப்பிட்டார். போனேன். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தேன்.

சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி எடுத்தார். உள்ளே பஞ்சு, பஞ்சில் பல்.

"மச்சான், போன வருஷம் நான் அடிச்ச கோல எங்க ஊர்ல ஒரு பய கோலுன்னே சேக்கல. மாமனார் வீட்டு சீருன்னுட்டானுவ. ஒரு வருஷமா நான் கம்பத்துல ஏறுறப்பல்லாம் கீழேருந்து கேப்பானுவ, சீருல ஏணி வரலயான்னு. நீங்க எல்லாம் ஒதுங்கி நின்னீங்க. நானா எகிறி அடிச்சேன்னு எவங்கிட்ட சொல்றது?"

நான் பட்டதையே அவர் அந்தப் பக்கம் பட்டிருக்கிறார். இவ்வளவு நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

"இதான் என் கோலு. எல்லாருக்கும் காட்டிட்டேன்." தீப்பெட்டியை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷமும் கைய எறக்காதீங்க."

சரி என்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்து வைத்திருந்த நாலு வாக்கியமும் அப்படியே இருக்கிறது. கொல்லையில் இரண்டு பேரும் நின்று, பந்து வரப்பின் மேல் வந்தால் கீப்பர் எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். செல்வி வந்து பார்த்துவிட்டுப் போனாள். வளையல் சத்தம்.

மாலை அவளை அழைத்து வந்தோம். வண்டியில் என் வீங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

25 மார்ச், ஞாயிறு

புழுக்கம். கிணற்று வாளிக்குக் கயிறு மாற்றினேன்.

கோவிந்துவும் சேதுவும் வயல் வரப்பிலும் மூன்று கெஜம் பொறம்போக்கு விடலாமா என்று தனித்தனியாக வந்து கேட்டார்கள். முடியாது என்றேன்.

வைகாசியில் பிரசவம், ஆவணி கடைசியில் பிள்ளையோடு செல்வியை நெரவிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு இப்போதே சீர்ப் பட்டியல். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்:

தொட்டில் - 1
வெள்ளி அரைஞாண் - 1
பால் புகட்டும் பாலாடை - 1
எண்ணெய்க் கிண்ணம் - 2
புடவை, வேட்டி
பலகாரம், ஐந்து தட்டு

அப்பா பேப்பரை இறக்கினார். ரேடியோவைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"அந்தக் கப்புக்கும் ஆவணியோட ஆறு மாசம் முடியுதுல்ல. அதையும் எழுதிக்க. ஒரே வண்டியில போயிடும்."

நான் எழுதவில்லை. செல்வி பேனாவை வாங்கி எழுதினாள். கப் - 1. அதைத் தட்டில் வைத்து முன்னால் தூக்கி வர வேண்டியது அண்ணன்தான் என்றும் சொன்னாள். முறை அதுதானாம். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நெரவிக்கு மாணிக்கம் டீக்கடை வழியாகப் போகாமல் வேறு பாதை உண்டா? நாளைக்கு ஆபீஸில் பழைய மேப் எடுத்துப் பார்க்க வேண்டும்.